கேள்வி கேட்காத ஒயர்

டிஸ்கி: நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. பி.காம். டெபிட், கிரெடிட் தவிர எதையும் முறையாகக் கற்றதில்லை. ஆனால் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வாங்கும் வேலையில் இருப்பவனுக்கு ஒரு வித்தை தானாக வந்துவிடும். டி.வி.க்குப் பின்னால் இருக்கும் ஒயர்களைக் கழற்றி, ஊர் மாறி, மறுபடி மாட்டுவது!

ராய்ப்பூர், புவனேஸ்வர், இப்போது தில்லி. ஒவ்வொரு முறை மூட்டை கட்டும்போதும் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் பற்றிப் பஞ்சாயத்து நடக்கும். அது என் ஒயர் டப்பா. "ஏங்க, இதையெல்லாம் எதுக்குச் சுமக்கறோம்? பாதி ஒயருக்கு மாட்டறதுக்கு ஓட்டையே இல்லையே" என்பார் தங்கமணி. உண்மைதான். ஆனாலும் தூக்கிப் போட மனசு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்தபோதுதான் இந்தக் கதை கிடைத்தது. அந்த டப்பாவில் இருப்பது சுமார் எண்பது வருட வரலாறு. யார் யாரை நம்பினார்கள், யார் யாரை நம்பவில்லை என்ற வரலாறு.

மேட்டருக்குப் போகுமுன் ஒரு சின்ன அறிமுகம். ஹோம் தியேட்டரின் நடுவில் ஒரு கனமான பெட்டி இருக்கும். ரிசீவர் என்பார்கள். டி.வி.டி. பிளேயர், செட்-டாப் பாக்ஸ், சி.டி. பிளேயர் எல்லாம் வந்து சேருவது அதில்தான். படத்தை டி.வி.க்கும் சத்தத்தை ஐந்தாறு ஸ்பீக்கர்களுக்கும் பிரித்து அனுப்புவது அதன் வேலை. எங்கள் கிளியரிங் ஹவுஸ் மாதிரி. எல்லா பாங்க் செக்கும் அங்கே வரும், அங்கிருந்து பிரிந்து போகும். அந்தப் பெட்டியின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் ஓட்டைகளோ ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு காலகட்டம்.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு

இப்போது கொஞ்சம் கொசுவர்த்திச் சுருள். 1980களின் கடைசி, மாயவரம். பரீட்சை முடிந்த சனிக்கிழமைகளில் அப்பா 'டெக்' வாடகைக்கு எடுப்பார். விடிய விடிய மூன்று படம். கடைப் பையன் சைக்கிள் கேரியரில் டெக்கைக் கட்டிக்கொண்டு வருவான். டி.வி.யின் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் டெக்கின் ஒயரைச் செருகுவான். பிறகு டி.வி.யில் ஒரு குட்டித் திருகாணியைத் திருகு திருகு என்று திருகுவான். கொசு மொய்ப்பது போல் புள்ளிகள், பிறகு கோடுகள், பிறகு திடீரென்று எழுத்து போடுவார்கள்.

அங்கே நடந்தது என்னவென்று பின்னாளில்தான் புரிந்தது. அந்தக் கால டி.வி.க்கு வெளியுலகத் தொடர்பு ஒரே ஓட்டைதான். ஆகவே டெக் தன்னை ஒரு குட்டி டி.வி. ஸ்டேஷனாக மாற்றிக்கொள்ளும். கேசட்டில் இருக்கும் படத்தை ஒரு சேனலின் அலைவரிசையில் ஏற்றி அனுப்பும். டி.வி.யும் அதை டவரிலிருந்து வருவதாக நினைத்து இறக்கிக் காட்டும். ஏற்றி இறக்குவதில் சேதாரம் உண்டு. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை.

நேராகத் தொட வந்ததுதான் மஞ்சள் ஒயர். அதன் முனையில் இருக்கும் செருகியின் பெயர் ஆர்.சி.ஏ. 'ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா' என்ற கம்பெனி 1930களில், ரேடியோப் பெட்டிக்குள்ளேயே கிராமபோனை இணைப்பதற்காக உருவாக்கிய செருகி அது. விலை மலிவு, யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதே செருகி பிறகு வெள்ளை, சிவப்பு என்று இடது வலது சத்தத்துக்கும், மஞ்சள் என்று படத்துக்கும் வந்துவிட்டது. கிராமபோனுக்குச் செய்த செருகியில் வீடியோ போனது.

மஞ்சள் ஒயருக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. கலர் டி.வி. வந்தபோது, பழைய கறுப்பு வெள்ளை டி.வி. வைத்திருப்பவர்களையும் கைவிடக்கூடாது என்று முடிவு செய்தார்கள். ஆகவே வெளிச்சம் என்ற பழைய சிக்னலின் மேலேயே நிறத்தையும் ஏற்றி, ஒன்றாகக் கலந்து அனுப்பினார்கள். நாம் 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலருக்கு மாறியபோது எடுத்துக்கொண்ட 'பால்' முறையிலும் இதே கதைதான். கலந்ததை மறுமுனையில் பிரிக்கும்போது முழுசாகப் பிரியாது. நெருக்கமான கோடு போட்ட சட்டை, கட்டம் போட்ட புடவை எதையாவது காட்டினால் அதன் மேல் வானவில் மாதிரி ஒன்று மினுமினுக்கும். வெளிச்சத்தின் நுணுக்கத்தை டி.வி. நிறம் என்று தப்பாகப் படிக்கிறது. ஒரே வவுச்சரில் இரண்டு கணக்குத் தலைப்பைப் போட்டால் என்ன ஆகும் என்று எந்த ஆடிட்டரைக் கேட்டாலும் சொல்வார்.

பிறகு வந்தவர்கள் செய்ததெல்லாம் இந்தத் தலைப்புகளைப் பிரித்ததுதான். 1987-ல் ஜே.வி.சி.யின் சூப்பர் வி.எச்.எஸ். டெக்குகளோடு பிரபலமானது எஸ்-வீடியோ. நான்கு ஊசி கொண்ட உருண்டைச் செருகி. வெளிச்சம் தனி, நிறம் தனி. அடுத்து, டி.வி.டி. காலத்தில் வீடுகளுக்கு வந்தது காம்பொனென்ட். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று ஒயர். வெளிச்சத்துக்கு ஒன்று, நிறத்தின் இரண்டு பாகங்களுக்கு இரண்டு. செருகி மட்டும் அதே 1930களின் ஆர்.சி.ஏ.தான்! அந்த மூன்று ஒயரில் ஹை டெஃபனிஷன் படம் வரைக்கும் அழகாகப் போகும்.

இங்கே ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். இந்த ஒயர்கள் எதுவும் எதிர்முனையில் இருப்பது யார் என்று கேட்டதில்லை. டி.வி.யா, ரெக்கார்டரா, எந்தக் கம்பெனி, எந்த வருடம், எதுவும் அதற்குத் தேவையில்லை. செருகினால் படம் வரும். அவ்வளவுதான்.

பயத்தின் கதை

ஒயர் கேட்கவில்லையே தவிர, ஹாலிவுட் அப்போதே பயந்துவிட்டது. சோனி 1975-ல் பீட்டாமேக்ஸைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே யுனிவர்சல், டிஸ்னி இரண்டும் சோனி மேல் வழக்குப் போட்டன. வீட்டில் உட்கார்ந்து டி.வி. நிகழ்ச்சியைப் பதிவு செய்வது திருட்டு, அதற்குக் கருவி விற்பவனும் உடந்தை என்பது வாதம். 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் மாயவரத்துக்கு டெக் வந்திருக்குமா என்பதே சந்தேகம்தான்.

வேடிக்கை என்னவென்றால், 1980கள் முடிவதற்குள் அமெரிக்கப் பட நிறுவனங்களுக்கு வீடியோவிலிருந்து வந்த வருமானம் தியேட்டர் வருமானத்தையே தாண்டிவிட்டது. எதைத் தடுக்கக் கோர்ட்டுக்குப் போனார்களோ அதுதான் சோறு போட்டது. ஆனால் பயம் போகவில்லை. ஏனென்றால் அதற்குள் டிஜிட்டல் வந்துவிட்டது.

கேசட்டைக் காப்பி எடுத்தால் தரம் குறையும். காப்பிக்குக் காப்பி இன்னும் குறையும். நாலாவது காப்பியில் ஹீரோவும் வில்லனும் ஒரே மாதிரி இருப்பார்கள். அந்தச் சேதாரமே ஒரு பூட்டு மாதிரி வேலை செய்தது. டிஜிட்டலில் அந்தப் பூட்டு இல்லை. ஆயிரமாவது காப்பியும் அசல்.

ஆரஞ்சு ஒயரும் சிவப்பு வெளிச்சமும்

1982 அக்டோபரில் ஜப்பானில் சோனியின் முதல் சி.டி. பிளேயர் விற்பனைக்கு வந்தது. சி.டி.யின் கணக்கு எனக்குப் பிடித்த கணக்கு. ஒரு நொடிக்கு 44,100 முறை சத்தத்தை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 16 பிட். இடது, வலது என்று இரண்டு. பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட்.

அதென்ன 44,100 என்று ஒரு விசித்திரமான எண்? சி.டி.க்கு முன்னால் டிஜிட்டல் சத்தத்தைப் பதிந்து வைக்கும் அளவுக்குக் கொள்ளளவு இருந்த சாமான் வீடியோ கேசட் ஒன்றுதான். ஆகவே சத்தத்தைப் படம் போல மாற்றி, வீடியோவின் ஒவ்வொரு கோட்டிலும் மூன்று அளவுகளை வைத்துப் பதிந்தார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் 245 கோடு, நொடிக்கு 60 முறை. 245 x 60 x 3 = 44,100. ஐரோப்பிய முறையில் 294 x 50 x 3. அதுவும் 44,100! இரண்டு லெட்ஜரும் டேலி ஆகிற எண்ணாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார்கள். வீடியோவும் ஆடியோவும் டிஜிட்டலில் ஆரம்பத்திலேயே ஒன்றுக்குள் ஒன்று.

சி.டி.யில் இருக்கும் எண்களை அப்படியே ரிசீவருக்கு அனுப்ப இரண்டு வழி வந்தது. ஒன்று, சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த எஸ்பிடிஃப் முறை. இதற்கான கோயாக்ஸியல் ஒயர் பார்க்க மஞ்சள் ஒயரின் தம்பி மாதிரி இருக்கும், பெரும்பாலும் ஆரஞ்சு நிறம். இன்னொன்று, தோஷிபா 1983-ல் கொண்டுவந்த டாஸ்லிங்க். செம்பு கிடையாது, பிளாஸ்டிக் இழை. முனையில் சிவப்பாக வெளிச்சம் மினுங்கும். அதே எண்கள்தான், மின்சாரத்துக்குப் பதில் வெளிச்சமாகப் போகிறது. என் டப்பாவில் இது ஒன்று இருக்கிறது. பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த டிஜிட்டல் ஒயரில்தான் முதல் முறையாகச் சட்டமும் சேர்ந்து பயணம் செய்தது. 1987-ல் டாட் என்ற டிஜிட்டல் கேசட் ரெக்கார்டர் வந்தது. இசைக் கம்பெனிகள் குதித்தன. கடைசியில் ஒரு சமரசம். சிக்னலோடு காப்பி பற்றிய குறிப்பும் ஓரிரு பிட்டாகப் போகும். அசலிலிருந்து காப்பி எடுக்கலாம், காப்பியிலிருந்து காப்பி எடுக்கக் கூடாது. 1992-ல் அமெரிக்காவில் இதைச் சட்டமாக்கி, ரெக்கார்டர் விலையில் 2 சதவீதமும் வெற்று கேசட் விலையில் 3 சதவீதமும் ராயல்டி என்று வைத்தார்கள். கெசட்டட் ஆபீசர் கையெழுத்துப் போட்ட ஜெராக்ஸ் செல்லும், அந்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ் செல்லாது என்போமே, அதே விதி. என்னைக் கேட்டால் நியாயமான விதி. கேட்பதற்கு யாருக்கும் தடை இல்லை.

நடுவில் ஒரு இந்தியத் தொடர்பு. ஹோம் தியேட்டர் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் டால்பி. அதன் நிறுவனர் ரே டால்பி 1963 முதல் 1965 வரை ஐ.நா. ஆலோசகராக இந்தியாவில் இருந்தவர். இங்கிருந்து லண்டன் போய் 1965-ல் கம்பெனி ஆரம்பித்தார். அவர் கம்பெனி சினிமாவுக்குச் செய்த ஆறு தடச் சத்தம் 1995-ல் லேசர் டிஸ்க் மூலமாக வீட்டுக்கு வந்தது. 1996 நவம்பரில் ஜப்பானில் டி.வி.டி. வந்ததும் பரவலானது. ஐந்து ஸ்பீக்கர், ஒரு ஊஃபர். இவ்வளவையும் நொடிக்கு 4,48,000 பிட்டுக்குள் சுருக்கிவிட்டார்கள். இரண்டே தடம் கொண்ட சி.டி.யில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! அதனால் பழைய ஆரஞ்சு ஒயரிலும் சிவப்பு வெளிச்சத்திலும் சுகமாகப் போயிற்று. புது ஒயர் தேவைப்படவில்லை. 1983-ல் போட்ட குழாயில் 1996-ன் தண்ணீர்.

ஒயருக்கும் கே.ஒய்.சி.

டி.வி.டி.க்கு சி.எஸ்.எஸ். என்றொரு பூட்டு போட்டிருந்தார்கள். 1999-ல் அதைத் திறக்கும் மென்பொருள் இணையத்தில் வெளியாயிற்று. அதில் சம்பந்தப்பட்ட நார்வே பையன் யோன் லெக் யோஹான்சனுக்கு அப்போது பதினைந்து வயது. தான் வாங்கிய டி.வி.டி.யைத் தன் கம்ப்யூட்டரில் பார்ப்பதற்கு வழி செய்தது குற்றமாகாது என்று 2003-ல் கோர்ட் அவரை விடுவித்தது. மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு.

பட நிறுவனங்கள் வேறு பாடம் கற்றன. வட்டுக்கு மட்டும் பூட்டு போட்டால் போதாது, ஒயருக்கும் போட வேண்டும். இன்டெல் உருவாக்கிய எச்.டி.சி.பி. என்ற பூட்டு 2000-ல் வந்தது. 2002 டிசம்பரில் ஹிட்டாச்சி, மட்சுஷிட்டா, பிலிப்ஸ், சிலிக்கான் இமேஜ், சோனி, தாம்சன், தோஷிபா என்ற ஏழு கம்பெனிகள் சேர்ந்து எச்.டி.எம்.ஐ. என்ற புது ஒயரை அறிவித்தன. 19 ஊசி. படமும் சத்தமும் ஒரே ஒயரில். அந்தப் பூட்டுக்கும் இடம் அதற்குள்ளேயே.

பாங்க்காரனான எனக்கு 2002 என்றதும் வேறொன்று நினைவுக்கு வரும். அந்த ஆகஸ்ட்டில்தான் ரிசர்வ் வங்கி 'உன் வாடிக்கையாளரை அறிந்துகொள்' என்று எல்லா பாங்குகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. எச்.டி.சி.பி.யும் கே.ஒய்.சி. தவிர வேறில்லை. பிளேயர் படத்தை அனுப்புமுன் எதிர்முனையிடம் அடையாளம் கேட்கும். ஒவ்வொரு கருவிக்குள்ளும் 40 ரகசியச் சாவிகள் இருக்கும். இருவரும் தனித்தனியே ஒரு கணக்குப் போடுவார்கள். விடை ஒன்றானால் படம் வரும். இதோடு முடியாது, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் சில நொடிகளுக்கு ஒருமுறை சரிபார்ப்பு உண்டு. நடுவில் ரிசீவர் இருந்தால் இன்னும் கடுமை. தனக்குப் பின்னால் எத்தனை கருவிகள், அவற்றின் அடையாளங்கள் என்ன என்று அது பட்டியல் கொடுக்க வேண்டும். கம்பெனிக் கணக்கில் உண்மையான உடைமையாளர் யார் என்று நாங்கள் தோண்டுவோமே, அச்சு அசல் அதே. கறுப்புப் பட்டியலும் உண்டு. அதில் ஏறிய சாவி புது வட்டுகளுக்குச் செல்லாது.

எச்.டி.எம்.ஐ.யின் நல்லதையும் சொல்லிவிட வேண்டும். எட்டு ஒயர் செய்த வேலையை ஒன்று செய்கிறது. 2006-ல் வந்த 1.3 பதிப்பில் ப்ளூ-ரேயின் சுருக்கிக் கெடுக்காத சத்தம் அப்படியே ரிசீவருக்குப் போனது. 2009-ல் 1.4 பதிப்பில், டி.வி.யின் சத்தம் அதே ஒயரில் ரிசீவருக்குத் திரும்பி வரும் ஏ.ஆர்.சி. வசதி வந்தது. ஆரஞ்சு ஒயரால் இதெல்லாம் முடியாது. தங்கமணியைக் கேட்டால் மனிதகுலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு எச்.டி.எம்.ஐ. என்பார்.

ஆனால் ஒன்று உறுத்தியது. பச்சை, நீலம், சிவப்பு காம்பொனென்ட் ஒயர்கள் அடையாளம் கேட்காமல் ஹை டெஃபனிஷன் படத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தன. பட நிறுவனங்கள் இதற்கு 'அனலாக் ஓட்டை' என்று பெயர் வைத்தார்கள். ப்ளூ-ரே பிளேயர் தயாரிக்க உரிமம் வேண்டுமானால், 2010-க்குப் பிறகு செய்யும் பிளேயர்கள் இந்த ஒயரில் பழைய டி.வி. தரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது, 2013-க்குப் பிறகு செய்பவற்றில் அனலாக் வீடியோவே கூடாது என்று விதி போட்டார்கள். ஒயர் பழுதாகவில்லை. தொழில்நுட்பம் தோற்கவில்லை. கேள்வி கேட்கத் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காகக் கட்டாய ஓய்வு.

இவ்வளவு செய்து பூட்டு நின்றதா? இல்லை. சுமார் நாற்பது கருவிகளின் சாவி கிடைத்தால் மூலச் சாவியையே கண்டுபிடித்துவிடலாம் என்று 2001-லேயே ஆராய்ச்சியாளர்கள் எழுதிவிட்டார்கள். 2010 செப்டம்பரில் மூலச் சாவி இணையத்தில் வெளியானது. அது அசல்தான் என்று இன்டெலும் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு எச்.டி.சி.பி. 2.2 என்ற புதுப் பூட்டு 2013 வாக்கில் வந்தது. 4கே படங்களுக்கு அது கட்டாயம் ஆயிற்று.

கறுப்புத் திரை

இங்கேதான் என் சொந்தச் சோகம். 2010-ல் பாங்க் ஊழியர்களின் சம்பள ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2007 நவம்பரிலிருந்து அரியர்ஸ் வந்தது. புவனேஸ்வரில் அந்தப் பணத்தில் ஒரு ரிசீவர் வாங்கினேன். எச்.டி.எம்.ஐ. 1.3. கல்லு மாதிரி உழைக்கும் பெட்டி, இன்றுவரை ஒரு ஃபியூஸ் போனதில்லை. 2019-ல் தில்லி வந்ததும் 4கே டி.வி.யும் ஒரு 4கே பெட்டியும் வாங்கினேன். பெட்டியிலிருந்து ரிசீவர், ரிசீவரிலிருந்து டி.வி. என்று முறைப்படி மாட்டி ஸ்விட்சைப் போட்டேன்.

கறுப்புத் திரை. ஒரு வரிச் செய்தி, உங்கள் கருவி இந்த உள்ளடக்கத்தை ஆதரிக்கவில்லை என்று.

ஒயரை மாற்றினேன். இன்னொரு ஒயர் வாங்கினேன். வாங்கிய கடைக்குப் போன் போட்டேன். "ரிசீவர் பழசு சார், எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுத்துக்கோங்க" என்றார்கள். மாதச் சந்தா கட்டுகிறேன். டி.வி.க்கும் பெட்டிக்கும் பில் இருக்கிறது. நடுவில் இருக்கும் ரிசீவருக்கு மட்டும் புதுப் பூட்டின் சாவி இல்லை. சாஃப்ட்வேர் ஏற்றிச் சரிசெய்யவும் வழியில்லை, அது சிப் சமாசாரம். அதே வாரம் அந்தப் படத்தின் திருட்டுக் காப்பியை எங்கள் ஆபீஸ் பையன் போனில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் சாவி கேட்கவில்லை.

எங்கள் கவுன்ட்டரிலும் இதைப் பார்த்திருக்கிறேன். முப்பது வருடக் கணக்கு வைத்திருக்கும் பென்ஷன் தாத்தா, ஆதாரில் இனிஷியல் முன்னே பின்னே இருக்கிறது என்று மூன்று முறை அலைவார். கோடியில் ஏமாற்றியவர்களின் ஃபைலை எடுத்துப் பாருங்கள், கே.ஒய்.சி. பக்கம் பளிச்சென்று இருக்கும். கே.ஒய்.சி. வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், என் வேலையே அதுதான். அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

கடைசியில் காப்பாற்றியது பிஸ்கட் டின். பெட்டியை நேராக டி.வி.யில் மாட்டினேன். டி.வி.யின் முதுகில், ஒரு மூலையில், சின்னச் சதுர மூடிக்குள் சிவப்பு வெளிச்சம் மினுங்கியது. டாஸ்லிங்க்! என் ரிசீவர் ஏ.ஆர்.சி.க்கு முந்தியது என்பதால் இதுதான் வழி. இழையை எடுத்து ரிசீவரில் செருகினேன். ஆறு தடமும் பொழிந்தது. 1983-ல் வகுத்த ஒயர், 2010-ன் ரிசீவரையும் 2019-ன் டி.வி.யையும் எந்தக் கேள்வியும் இல்லாமல் சேர்த்து வைத்தது.

மொய் நோட்டு

இரண்டு வருடம் கழித்து அம்மா தில்லி வந்திருந்தார். பெட்டியில் ஒரு வி.எச்.எஸ். கேசட் கொண்டுவந்திருந்தார். 1988-ல் நடந்த சித்தப்பா கல்யாணம். "உன்னால ஓட்ட முடியுமாடா? அப்பா இருப்பார் அதுல." அப்பா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. வீட்டில் அப்பாவின் போட்டோ நிறைய உண்டு. நடமாடும் அப்பா அந்த கேசட்டில் மட்டும்தான்.

உலகத்தில் டெக் தயாரிப்பதையே 2016-ல் நிறுத்திவிட்டார்கள். ஜப்பானின் ஃபுனாய்தான் கடைசி. நல்லவேளை, மைத்துனர் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தது. கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை. அதைத் துடைப்பது தனிக்கதை, நாலு நாள் ஆயிற்று. பிறகு ஓட்டையைத் தேடினேன். புது டி.வி.யில் மஞ்சள் ஓட்டை கிடையாது. ஆனால் இயர்போன் துளை மாதிரி ஒன்றுக்குப் பக்கத்தில் ஏ.வி. என்று எழுதியிருந்தது. ஒரு பக்கம் அந்தக் குட்டிச் செருகி, மறுபக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்ற ஒயர் வேண்டும். செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் கிடைத்தது. மாட்டினால் படமே வரவில்லை, ஸ்பீக்கரில் உர்ரென்று ஒரு சத்தம்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். சிரித்தார். "பாய் சாப், நிறத்தைப் பார்க்காதீங்க. ஒவ்வொரு கம்பெனி ஒயர்லயும் உள்ளே வரிசை வேற. மாத்தி மாத்திச் செருகிப் பாருங்க." மஞ்சள் இடத்தில் சிவப்பைச் செருகினேன்.

மேளச் சத்தம் முதலில் வந்தது. பிறகு படம். பந்தல் வாசலில் ஒரு மேஜை, அதில் அப்பா உட்கார்ந்து மொய் எழுதிக்கொண்டிருக்கிறார். வீடியோக்காரரின் விளக்கு முகத்தில் அடிக்க, நிமிர்ந்து பார்த்து, "அந்தப் பக்கம் போப்பா, கணக்கு தப்பிடும்" என்கிறார். மறுபடி குனிந்து எழுதுகிறார். மொத்தம் பதினோரு நொடி. அப்போது அவருக்கு என்னைவிட வயது குறைவு.

அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "ஏண்டா, சட்டை ஏன் இப்படி வானவில் மாதிரி மினுக்குது?" என்றார். கட்டம் போட்ட சட்டை. மஞ்சள் ஒயரின் பிறவிக் குறை. விளக்கப் போகவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.

மறுநாளே கம்ப்யூட்டரில் ஏற்றி, மூன்று காப்பி எடுத்து, தம்பி, தங்கை இருவருக்கும் அனுப்பினேன். காப்பி எடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அது எங்கள் அப்பா, எங்கள் கேசட்.

யோசித்துப் பார்க்கிறேன். என் மகளின் பிறந்தநாள் வீடியோ எல்லாம் போனிலும் எங்கோ இருக்கும் சர்வரிலும் கிடக்கிறது. கடவுச்சொல், சந்தா, ஓ.டி.பி. எல்லாம் சரியாக இருந்தால் வரும். முப்பத்து மூன்று வருடம் கழித்து, நான் இல்லாத ஒரு நாளில், அவள் அதைத் திறக்கப் போனால் எத்தனை கேள்வி வரும்? லாக்கருக்கு நாமினி போடுங்கள் என்று தினமும் பத்துப் பேரிடம் சொல்பவன் நான். இதற்கு யாரைப் போடுவது?

இப்போதைக்கு நான் செய்திருப்பது இவ்வளவுதான். முக்கியமான வீடியோக்களைப் பூட்டு இல்லாத சாதாரண ஃபைலாக ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு, இன்னொரு டிஸ்கில் காப்பி எடுத்து, தம்பி வீட்டில் ஒன்று வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் கேசட் இருந்தால் இந்த மழைக்காலத்துக்கு முன் இறக்கிவிடுங்கள். பூஞ்சை காத்திருக்காது.

பி.கு.: அடுத்த டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் வருகிற நேரம். பிஸ்கட் டின்னைப் பற்றி தங்கமணி இந்த முறை எதுவும் சொல்லவில்லை. மூடி மேல் ஸ்கெட்ச் பேனாவால் 'முக்கியம்' என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையதில்லை :-)